சாத்திய சன்னலும் வெளியே நிற்பவரும்

மார்கழி, தை மாதங்களில் தட்டாஞ்சாவடித் தெருக்களில் இரவு நேரங்களில் சன்னல்கள் விரைவாகவே சாத்தப்பட்டுவிடுகின்றன. வெப்பமானி 20 பாகைக்குச் சற்று மேலேதான் நிற்கும். எனினும், கடலோர ஈரத்தோடு வாடை வீசும்போது முதியோரும் குழந்தைகளும் நடுங்குகின்றனர்.

குளிரைச் சன்னலிலேயே தடுக்கும் வழக்கம் நம்மிடையே மிகப் பழையது. பத்துப்பாட்டுள் ஒன்றான நெடுநல்வாடையில் நக்கீரர் இதனைக் காட்டுகிறார். வேனிலில் தென்றலை அழைத்த சாளரம் கூதிர்க்காலத்தில் திறக்கப்படுவதில்லை. இரட்டைக் கதவுகள் தாழிடப்படுகின்றன. விசிறிகள் பயனற்றுத் தொங்குகின்றன. மக்கள் குளிர்ந்த நீரை விலக்கிக் கணப்பருகே அமர்கின்றனர். ஆனால், பாட்டு அடைத்த சாளரத்தோடு முடிவதில்லை. அதே வாடையில், நள்ளிரவில், பாசறையிலே அரசன் புண்பட்ட வீரரைக் காண நடந்து செல்கிறான்.

சாளரம், காலதர் என்று நாம் வழங்கியதற்குச் சன்னல் என்னும் பெயர் போர்த்துக்கீசியரால் வந்தது. புதுவையின் சன்னலுக்கு வடிவம் தந்தவர் பிரெஞ்சுக்காரர். 1761-இல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்ட இந்நகரம் 1765-க்குப் பின் மீண்டும் எழுந்தது. உயர்ந்த சன்னல்களுக்கு மரப்பட்டிகளைச் சாய்வாக அடுக்கிய கதவுகள் அமைந்தன. ஐரோப்பாவில் பனியையும் காற்றையும் தடுத்த சன்னற்கதவு, இங்கே வெயிலையும் மழையையும் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விட்டது.

அந்தப் பிரான்சு நாட்டிலேயே 1798 முதல் 1926 வரை கதவு, சன்னல்களை எண்ணி வரி வாங்கினர். ஏழைகள் வெளிச்சத்தையும் காற்றையும் குறைத்துக்கொண்டு வாழ்ந்தனர். 1862-இல் வெளிவந்த விக்டர் ஹியூகோவின் 'ஏழை படும் பாடு' எனத் தமிழில் வழங்கும் புதினத்தில், ஆயர் மிரியேல் தம் மறையுரையில் இக்கொடுமையை எடுத்துரைக்கிறார். வாசல் ஒன்றைத் தவிர வேறு திறப்பே இல்லாத குடிசைகளை அவர் கணக்கிட்டுச் சொல்கிறார்.

புதுவையின் தமிழர் தெருக்களில் சன்னலுக்கு வெளியே திண்ணையும் இருந்தது. வீட்டார் உள்ளே தாழிட்டாலும், வழிப்போக்கர் ஒதுங்க ஓர் இடம் மிஞ்சியது. இன்று நாம் பொருத்தும் அலுமினியக் கண்ணாடிச் சன்னல் குளிரை நன்றாகவே தடுக்கிறது, பாதிதான் திறக்கிறது, முழுதும் மூடினால் கொசுவர்த்திப் புகையும் உள்ளேயே தங்கிவிடுகிறது. திண்ணையோ மறைந்தே போயிற்று.

வாடைக்குச் சன்னலைச் சாத்துவோம், அது முறையே. மேலே சிறிது காற்றுக்கு வழி விடுவோம். தாழிடுமுன், தெருவில் போர்வையின்றிப் படுத்திருப்பவர் எவரேனும் உண்டா என்று ஒருமுறை எட்டிப் பார்ப்போம். சன்னல் அதற்காகவும் அமைந்ததே.