பல் இம்பிளான்ட்: எத்தனை கட்டுரைன்னு கேக்காதீங்க, எத்தனை வருஷம்னு கேளுங்க

1/ "இம்பிளான்ட் பத்தி ஆயிரக்கணக்குல ஆராய்ச்சி வந்திருக்கு, தைரியமா வைக்கலாம்"னு சொல்றாங்க. உண்மைதான். ஆனா அந்த ஆராய்ச்சி எப்படிப் பெருகுச்சுங்கிற கதையையும் தெரிஞ்சுக்கோங்க. நான் எம்பிபிஎஸ், பல் மருத்துவர் இல்லை. வரலாறு மட்டும் சொல்றேன்.

2/ 1952, ஸ்வீடன். பெர்-இங்வார் பிரோனமார்க் என்ற ஆய்வாளர் எலும்புக்குள்ள ரத்தம் எப்படி ஓடுதுன்னு பார்க்க, முயலோட கால் எலும்பில் சின்ன டைட்டானியக் கருவியைப் பொருத்தினார். வேலை முடிஞ்சு கழற்றப் பார்த்தா வரல. எலும்பு அதோட இறுகிப் பிணைஞ்சிருந்தது. இவரும் பல் மருத்துவர் இல்லை!

3/ அதுக்கு முன்னாடி வந்த செயற்கைப் பல்வேர்கள் பலதுக்கும் எலும்புக்கும் நடுவுல நார்த்திசு வளரும், அப்புறம் ஆட ஆரம்பிச்சிடும். அதனால அவரை நம்பாதவங்க நிறைய.

4/ அவர் அவசரப்படல. முதல் மனிதருக்கு வெச்சது 1965-ல். 10 வருஷ அனுபவத்தை வெளியிட்டது 1977-ல். 15 வருஷக் கணக்கு வந்தது 1981-ல். 1982-ல் டொரன்டோ மாநாட்டில் அந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான் வட அமெரிக்கா ஏத்துக்கிச்சு.

5/ அப்புறம் வெள்ளம்தான். இம்பிளான்ட்டுக்குன்னே 1986-ல் ஒரு ஆய்விதழ், 1990-ல் இன்னொண்ணு. கேள்விகளும் மாறிச்சு. முதல்ல "எலும்போட சேருமா?" அப்புறம் "சீக்கிரம் சேருமா? அன்னைக்கே பல் மாட்டலாமா?" அதுக்கும் அப்புறம், "சுத்தியிருக்கிற ஈறு வீங்கி எலும்பு கரையுதே, ஏன்?"

6/ கவனிங்க. சீக்கிரம் சேருதான்னு சில மாசத்துல எழுதிடலாம். எலும்பு கரையுதான்னு எழுத வருஷக்கணக்கா காத்திருக்கணும். புது மாடல் வேகமா வரும், அதோட 10 வருஷக் கணக்கு 10 வருஷம் கழிச்சுத்தான் வரும். இதுக்குக் குறுக்கு வழியே கிடையாது.

7/ 1986-ல் நிபுணர்கள் ஒரு அளவுகோல் வெச்சாங்க: அசையக் கூடாது, வலி கூடாது, முதல் வருஷத்துக்குப் பிறகு எலும்பு தேய்வது வருஷத்துக்கு 0.2 மி.மீ.க்குள்ள இருக்கணும். அதாவது, விழாம நிக்கிறது வேற, நல்லா இருக்கிறது வேற.

8/ அதனால பணம் கட்டுறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. இந்த மாடலுக்கு எத்தனை வருஷக் கணக்கு இருக்கு? விழாததை மட்டும் எண்ணினாங்களா, எலும்பையும் அளந்தாங்களா? எனக்கு சுகர் இருக்கு, சிகரெட் பழக்கம் இருக்கு, என்னை மாதிரி ஆளுங்களுக்கு எப்படி?

நல்ல பல் மருத்துவர் இதுக்குக் கோவிச்சுக்க மாட்டார். பொறுமையா பதில் சொல்வார்.