டூங்மபுல்லா: 20 சென்டிமீட்டர்

ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதிக்கு அடியில், மணற்கல் அடுக்குகளுக்குள் ஒரு பெரும் நீர்ப்பரப்பு இருக்கிறது. மகா ஆர்ட்டீசியன் படுகை எனப்படும் அதன் பரப்பு சுமார் 17 லட்சம் சதுர கிலோமீட்டர். எப்போதோ பெய்த மழை பல்லாயிரம் ஆண்டுகள் நகர்ந்து, அழுத்தம் மிகுந்து, பாறை பிளந்த இடங்களில் மேலேறி வருகிறது. நாம் ஊற்றுக்கண் என்கிறோமே, அதுதான். பூர்வகுடிகளின் வழித்தடங்கள் பலவும் இந்தக் கண்களைத் தொட்டே சென்றன.

1878இல் போர்க் நகருக்கு அருகே, தானாகவே பீறிட்டெழும் ஆழ்துளைக் கிணறு ஒன்று முதன்முதலாக அமைந்தது. பிறகு ஆட்டுப்பண்ணைகள் நூற்றுக்கணக்கில் துளைத்தன. திறந்த வாய்க்காலில் ஓடிய நீரில் பெரும்பகுதி ஆவியாகவும் மண்ணில் கசிந்தும் வீணாயிற்று. அழுத்தம் குறைந்தது, பல ஊற்றுகள் நின்றுபோயின. துளையிட்டவர்கள் அவற்றை எண்ணி வைத்துவிட்டுத் தொடங்கவில்லை. கண்காணிப்பு என்ற சொல்லே இழப்புக்குப் பின்னர் வந்ததுதான்.

இந்தப் பின்னணியில்தான் டூங்மபுல்லாவைப் பார்க்க வேண்டும். குவின்ஸ்லாந்தின் நடுப்பகுதியில், படுகையின் கிழக்கு விளிம்பில், கார்மைக்கேல் ஆற்றை ஒட்டி நூற்றுக்கும் மேற்பட்ட ஊற்று ஈரநிலங்கள். இத்தகைய ஊற்றுகளையன்றி வேறெங்கும் வளராத செடிகள் அங்கே உண்டு. வாங்கன், ஜகலிங்கு மக்களுக்கு அது வானவில் பாம்பு ஊர்ந்து நிலத்தை வனைந்த இடம். அங்கிருந்து சுமார் 8 கிலோமீட்டர் கிழக்கே அதானி குழுமத்தின் நிலக்கரிச் சுரங்க எல்லை தொடங்குகிறது.

நிலக்கரி தோண்டக் குழியிலுள்ள நீரை இறைத்தாக வேண்டும். இறைக்கும் நீருக்கும் ஊற்றுக்கும் தொடர்பு உண்டா என்பதே வழக்கு. நிலக்கரியோடு கிடப்பது கொலின்லியா மணற்கல். அதற்கு மேலே ரீவன் என்னும், நீரை எளிதில் கசியவிடாத பாறை. அதற்கும் மேலே கிளெமாடிஸ் மணற்கல். ஊற்று மேலடுக்கிலிருந்து வருகிறது, ரீவன் நடுவே காவலாக நிற்கிறது என்றது நிறுவனம். பிளவுகளின் வழியே கீழிருந்தும் வரலாம் என்றனர் எதிர்த்தரப்பு நிலநீரியலாளர்கள். 2015 டிசம்பரில் குவின்ஸ்லாந்து நில நீதிமன்றம் இந்த ஊற்றுகள் அசாதாரணச் சூழலியல் மதிப்புடையவை என்று ஒப்புக்கொண்டது. ஆனால் மூலம் பற்றிய கேள்வியில் நிறுவனத்தின் வாதத்தை ஏற்று, நிபந்தனைகளோடு அனுமதியைப் பரிந்துரைத்தது.

நிபந்தனைகளில் ஓர் எண் உண்டு. ஊற்றுப் பகுதியில் சுரங்கத்தால் நீர்மட்டம் 20 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது. கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். ஆனால் பல ஊற்றுகளில் நீரைத் தூக்கி நிறுத்தும் அழுத்தம் தரைமட்டத்தைச் சிறிதளவே தாண்டுகிறது. ஒரு சாண் இறங்கினாலே கண் மூடிவிடக்கூடும். ஊற்றில் நேரடியாக மீட்டர் பொருத்தவும் வழியில்லை, நீர் சேறாகவும் புல்லாகவும் பரவி நிற்கிறது. ஆகவே சுற்றிலும் கண்காணிப்புத் துளைகள் இட்டு மட்டத்தை அளக்கிறார்கள். நீரின் உப்பையும் வேதியியலையும் சோதிக்கிறார்கள். தான் கடந்து வந்த பாறையின் தடயத்தை நீர் சுமந்து வரும் என்பதால், தரச் சோதனையே மூலத்தைத் தேடும் துப்பாகவும் ஆகிறது.

ஒரு சிக்கலை மட்டும் எந்தக் கருவியும் தீர்ப்பதில்லை. நிலத்தடி நீர் மெதுவாகப் பதில் சொல்லும். இன்று இறைத்ததன் விளைவு பல ஆண்டுகள் கழித்துத் துளையில் தெரியலாம். அப்போது இறைப்பை நிறுத்தினாலும் சரிவு உடனே நிற்காது. எச்சரிக்கை மணி அடிக்கும்போது வீட்டில் பாதி எரிந்திருக்கும்.

2019 பிப்ரவரியில் அறிவியல் நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வும் ஜியோசயன்ஸ் ஆஸ்திரேலியாவும் நிறுவனத்தின் நிலத்தடி நீர் மாதிரியில் குறைகளைச் சுட்டின. ஏப்ரலில், பொதுத்தேர்தல் அறிவிப்புக்குச் சில நாட்கள் முன்பு, மத்திய அரசு நீர்த்திட்டத்தை ஏற்றது. ஜூன் 13 அன்று மாநில அரசும் ஏற்றது. ஊற்றின் மூலத்தை மேலும் ஆராய்வதாக நிறுவனம் உறுதியளித்ததும் அப்போதுதான். அனுமதி முதலில், ஆராய்ச்சி பிறகு. இந்த வரிசைதான் என்னை உறுத்துகிறது. நேர்மையற்ற அளவீட்டைவிட, நேர்மையான அளவீட்டைத் தவறான இடத்தில் வைப்பது ஆபத்தானது.

2021 ஆகஸ்டில் வாங்கன், ஜகலிங்கு மக்களில் சிலர் சுரங்கத்துக்கு அருகே சடங்குத் தீ மூட்டி அமர்ந்தனர். அதே ஆண்டின் இறுதியில் முதல் நிலக்கரி ஏற்றுமதிக்குத் தயாரானது. 2023இல் மாநிலச் சுற்றுச்சூழல் துறை, நிலத்தடி நீர் மாதிரி போதாது என்று சொல்லி, திட்டமிட்டிருந்த நிலத்தடிச் சுரங்கப் பணிக்குத் தடையாணை பிறப்பித்தது. நிறுவனம் அதை எதிர்த்து வழக்காடியது. திறந்தவெளிக் குழிகளுக்கு அந்த ஆணை பொருந்தவில்லை.