மதியம் இரண்டரை மணிக்கு வெடித்த குண்டு

1962 ஜூலை 9, திங்கட்கிழமை, இந்திய நேரப்படி மதியம் இரண்டரை மணி. திண்டுக்கல் அன்றைக்கு மதுரை மாவட்டத்தில் ஓர் ஊர். அதே நேரத்தில் பசிபிக் கடலில், ஜான்ஸ்டன் தீவுக்கு மேலே 400 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்துப் பார்த்தது. சோதனையின் பெயர் ஸ்டார்ஃபிஷ் பிரைம். பலம் 1.4 மெகாடன். ஹிரோஷிமா குண்டைப்போல ஏறக்குறைய தொண்ணூறு மடங்கு.

அங்கே அப்போது இரவு. சுமார் 1,450 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஹவாயில் வானம் நிறம் மாறியது. ஒரு கண்ணாடி ஜன்னல்கூட உடையவில்லை, யாருக்கும் காயமில்லை. ஆனால் ஹொனலூலுவில் சுமார் 300 தெருவிளக்குகள் அணைந்தன. திருட்டு அலாரங்கள் தாமாகவே அலறின. வெடிப்பில் பிறந்த கதிர்வீச்சு பூமியைச் சுற்றி ஒரு பட்டையாகத் தங்கி, மறுநாள் ஏவப்பட்ட டெல்ஸ்டார் உட்படப் பல செயற்கைக்கோள்களைச் சில மாதங்களில் சாகடித்தது.

ஹிரோஷிமாவில் குண்டு தரைக்கு மேலே சுமார் 600 மீட்டரில் வெடித்தது. வெப்பம், அதிர்வலை, கதிர்வீச்சு மூன்றும் சேர்ந்து அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறக்குறைய 1,40,000 பேரைக் கொன்றன. அந்த அழிவுக்கு ஒரு எல்லை இருந்தது. சில கிலோமீட்டர் தாண்டினால் வீடுகள் நின்றன. விண்வெளியில் வெடிக்கும் குண்டு வேறு மாதிரி வேலை செய்கிறது. அதன் காமாக் கதிர்கள் கீழே இறங்கி, 20 முதல் 40 கிலோமீட்டர் உயரத்தில் காற்றில் மோதி எலக்ட்ரான்களைப் பிய்த்து வீசுகின்றன. பூமியின் காந்தப்புலம் அவற்றை வளைக்கிறது. அந்த வளைவில் பிறப்பதுதான் மின்காந்தத் துடிப்பு. கண் சிமிட்டும் நேரத்தில் லட்சத்தில் ஒரு பங்குகூட நீடிக்காது. ஆனால் வெடித்த இடத்திலிருந்து நேர்க்கோட்டில் தெரியும் நிலம் முழுக்க விழும். டில்லிக்கு மேலே 400 கிலோமீட்டரில் ஒன்று வெடித்தால், பலம் குறைந்த விளிம்பில்தான் என்றாலும், திண்டுக்கல் அதன் பார்வைக்குள் இருக்கும்.

துடிப்புக்கு மெதுவான ஒரு வாலும் உண்டு. அது நீளமான கம்பிகளைத் தேடிப் பிடிக்கும். 1962 அக்டோபர் 22 அன்று சோவியத் யூனியன் கசகஸ்தானுக்கு மேலே நடத்திய சோதனையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைபேசிக் கம்பித் தடம் பழுதானதையும், பூமிக்கு அடியில் புதைத்த மின்கேபிள்கூடத் தப்பாததையும் ரஷ்ய அறிவியலாளர்கள் பல வருடம் கழித்துச் சொன்னார்கள். சூரியனும் எப்போதாவது இந்த வாலை ஆட்டிக் காட்டும். 1989 மார்ச் 13 அன்று ஒரு சூரியப் புயலில் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 60 லட்சம் பேருக்கு ஒன்பது மணி நேரம் கரண்ட் இல்லை. அந்தச் சூரியனை 1901 முதல் கவனித்துவரும் ஆய்வுக்கூடம் நம்ம கொடைக்கானல் மலைமேல்தான் இருக்கிறது.

சரி, வல்லரசுகள் எங்கேயோ வெடிக்கிற குண்டைப் பற்றி இந்தச் சமவெளியில் யாராவது கவலைப்பட்டார்களா? பட்டார்கள். திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் வழியில், சின்னாளப்பட்டியை ஒட்டி காந்திகிராமம் இருக்கிறது. டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கியது. 1959 பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் இங்கே வந்தார். அவரை இந்தியாவுக்கு அழைத்த காந்தி நினைவு நிதியின் செயலாளர் அதே ராமச்சந்திரன். நாடு திரும்பும் முன் கிங் ஒரு வேண்டுகோள் வைத்துவிட்டுப் போனார்: மற்ற நாடுகள் வராவிட்டாலும் இந்தியா தனியாகவே ஆயுதங்களைக் கைவிட வேண்டும்.

1962 ஜூனில் காந்தி அமைதி அறக்கட்டளை டில்லியில் அணு ஆயுத எதிர்ப்பு மாநாடு கூட்டியது. செப்டம்பரில் அதன் தூதுக்குழு வாஷிங்டன் போனது. தலைமை தாங்கியவர் ராஜாஜி. வயது 83. அதற்கு முன் அவர் மேற்கு நாடுகளுக்குப் போனதே இல்லை. செப்டம்பர் 28 அன்று கென்னடியைச் சந்தித்து, சோதனைகளை நிறுத்துங்கள் என்று கேட்டார். இந்தச் சண்டையில் சம்பந்தமே இல்லாதவன் மூச்சுவிடும் காற்றிலும் உங்கள் விஷம் கலக்கிறது என்பதுதான் அந்த வாதத்தின் சாரம்.

நாலே வாரத்தில் கியூபா நெருக்கடி வந்தது. கசகஸ்தான் வானில் அந்தக் குண்டு வெடித்த அக்டோபர் 22 அன்றுதான் கென்னடி தொலைக்காட்சியில் தோன்றி நெருக்கடியை உலகத்துக்குச் சொன்னார். இந்தியாவோ இரண்டு நாளாகச் சீனாவோடு போரில் இருந்தது. 1963 ஆகஸ்டில் காற்றுவெளி, விண்வெளி, நீருக்கு அடியில் சோதனைகளைத் தடைசெய்யும் ஒப்பந்தம் மாஸ்கோவில் கையெழுத்தானது. ராஜாஜி ஒருவர் கேட்டதால் வந்தது என்று சொன்னால் அது மிகை. உலகம் முழுக்கக் கேட்ட குரல்களில் அதுவும் ஒன்று. கிங்கின் வேண்டுகோள் என்ன ஆனது? 1974-லும் 1998-லும் பொக்ரானில் இந்தியாவே பூமிக்கு அடியில் குண்டுகளை வெடித்தது.

ஒப்பந்தம் தடுத்தது சோதனையை மட்டும்தான். குண்டுகள் அப்படியே இருக்கின்றன. மாறிப்போனது நாம். 1962-ல் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் கமலை போய் பம்புசெட் வந்துகொண்டிருந்தது. கரண்ட் போனால் மாட்டைப் பூட்டலாம், கிணற்றில் கைக்கெட்டும் ஆழத்தில் தண்ணீர் இருந்தது. அன்றைய வால்வு ரேடியோ அதிர்ச்சியை ஓரளவு தாங்கும்; இன்றைய சில்லு அவ்வளவு தாங்காது.

இன்று தண்ணீர் பல நூறு அடி போருக்குள் கிடக்கிறது. ஆத்தூர் காமராஜர் அணைத் தண்ணீர் ஊருக்குள் வந்து மாடித் தொட்டி ஏறவும், வேடசந்தூர் நூற்பாலையில் கதிர் சுற்றவும், ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மெஷின் ஓடவும் ஒரே கம்பிதான். துடிப்பு நேராக ஒருத்தரையும் கொல்லாது என்பது உண்மை. பெரிய டிரான்ஸ்ஃபார்மர்கள் கூட்டமாகக் கருகினால், மாற்று செய்து கொண்டுவர மாதக்கணக்கில் ஆகும். அத்தனை நாள் குழாயில் தண்ணீர் வராத ஊரில் முதலில் சாவது யார் என்பதை யோசிக்க அணு விஞ்ஞானம் தேவையில்லை.

நாம ரொம்ப தூரத்துல இருக்கோம் என்பது அறுபது வருடம் முன்பு பாதியாவது உண்மையாக இருந்தது. எண்ணூறு அடி போரில் மாட்டைப் பூட்ட முடியாது.