ஷன்ட் அடைத்துக்கொண்டால் என்ன செய்வது? மூளை நீர்க்கோர்ப்புக்கு எண்டோஸ்கோப்பி சிகிச்சை

காலையில் எழுந்ததும் வாந்தி, தலைவலி, பகலிலும் தூங்கி வழியும் பிள்ளை. 'சாப்பிட்டது ஒத்துக்கலை போல' என்று ஓமத் தண்ணீர் கொடுத்துவிட்டுக் காத்திருப்போம். ஆனால் அந்தப் பிள்ளையின் தலையில் ஷன்ட் இருந்தால், ஒரு நாள்கூட காத்திருக்கக் கூடாது.

மூளைக்குள் தினமும் சுமார் அரை லிட்டர் நீர் சுரந்து, ரத்தத்தில் கலந்துவிடுகிறது. வழி அடைபட்டால் நீர் தேங்கி மூளையை அழுத்தும். இதுதான் ஹைட்ரோசெஃபாலஸ். தேங்கும் நீரை மெல்லிய குழாய் வழியாக வயிற்றுக்குள் வடிய விடுவதுதான் ஷன்ட்.

சிக்கல் என்னவென்றால், ஷன்ட் ஆயுள் முழுக்க உழைக்கும் என்று சொல்ல முடியாது. அடைத்துக்கொள்ளும், கழன்றுவிடும், கிருமி தொற்றும். குழந்தைகளுக்கு வைக்கும் ஷன்ட்களில் ஏறக்குறைய பாதி, 2 ஆண்டுகளுக்குள் பழுதாகின்றன. சிலருக்கு நான்கைந்து முறைகூட மாற்ற வேண்டி வரும். தோலுக்கு அடியில் இருக்கும் வால்வை வீட்டிலேயே அழுத்திப் பார்த்து 'நல்லாத்தான் இருக்கு' என்று முடிவு செய்வதும் தவறு. ஸ்கேன் எடுத்து, டாக்டர் பார்க்க வேண்டும்.

குழாயே இல்லாமல் ஒரு வழி

பழுதான ஷன்ட்டை மாற்றுவதற்குப் பதிலாக, சிலருக்கு எண்டோஸ்கோப்பி சிகிச்சை செய்யலாம். சுருக்கமாக இ.டி.வி. முழு மயக்கம் கொடுத்து, மண்டை ஓட்டில் சிறு துளை போட்டு, கேமரா பொருத்திய கருவியை மூளையின் நீர் அறைக்குள் செலுத்துவார்கள். மூன்றாவது அறையின் அடித்தளம் மெல்லிய சவ்வு போல இருக்கும். அதில் ஓட்டை போட்டு, குட்டி பலூனால் விரிப்பார்கள். அடைப்பைச் சுற்றிக்கொண்டு நீர் வெளியேறிவிடும். உடம்புக்குள் குழாய் எதுவும் தேவைப்படாது.

கேட்க எளிதாக இருந்தாலும், அந்தச் சவ்வுக்குக் கீழேயே மூளையின் முக்கிய ரத்தக் குழாய் ஓடுகிறது. அனுபவம் உள்ள கைதான் தொட வேண்டும். இந்த யோசனை ஒன்றும் புதுசு இல்லை. 1923-லேயே அமெரிக்காவில் மிக்ஸ்டர் என்ற டாக்டர் இதைச் செய்து காட்டினார். நல்ல கேமராக்கள் வந்த பிறகுதான் பரவலானது.

யாருக்குப் பலன் தரும்?

நீர்ப் பாதை நடுவில் அடைபட்டவர்களுக்கு நல்ல பலன். ஒரு வயதைத் தாண்டிய குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் வெற்றி வாய்ப்பு அதிகம். பச்சிளம் குழந்தைகளுக்கும், மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு நீர் கோர்த்தவர்களுக்கும் வாய்ப்பு குறைவு. ஏற்கெனவே ஷன்ட் வைத்திருந்தால் கொஞ்சம் குறையும். அதற்காகக் கைவிட வேண்டியதில்லை. ஷன்ட்டில் கிருமி தொற்று இருந்தால் முதலில் அதைச் சரிசெய்வார்கள்.

சிகிச்சைக்குப் பின் எடுக்கும் ஸ்கேனில் நீர் அறைகள் பெரிதாகச் சுருங்கியிருக்காது. பயப்பட வேண்டாம். பிள்ளை எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் டாக்டர்கள் பார்ப்பார்கள். ஆனால் போட்ட ஓட்டை அடைபடலாம். பெரும்பாலும் முதல் சில மாதங்களில், அபூர்வமாகப் பல ஆண்டுகள் கழித்தும்.

மூலக்குளம், ரெட்டியார்பாளையம் பகுதி மக்களுக்குக் கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் பக்கம்தான். மத்திய அரசின் இந்த மருத்துவமனையில் நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. பழைய ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி, எந்த வகை ஷன்ட் என்ற சீட்டு, இவற்றை ஒரே பையில் வைத்திருங்கள். வாந்தியோடு மயக்கமும் சேர்ந்தால் ஓ.பி. நாளுக்காகக் காத்திருக்காமல் 108-ஐ அழைத்து, நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.