சகோதரி லூசிக்காக வாதாடிய ஆங்கில ஆசிரியை

நம்மில் பலருக்கு ஆங்கில எழுத்துக்களைக் கைபிடித்து எழுதப் பழக்கியவர் ஒரு சிஸ்டராகத்தான் இருந்திருப்பார். அவருக்குப் பாடம் நடத்தத் தெரிந்திருந்தது. அவர் எங்கே, எப்போது படித்தார் என்று நாம் கேட்டதில்லை. அமெரிக்காவில் அந்தக் கேள்வியை உரக்கக் கேட்டவர் ஓர் ஆங்கில ஆசிரியை, திருச்சிலுவை சபையைச் சேர்ந்த அருள்சகோதரி மேரி மெடலீவா உல்ஃப். இன்று அவரை நினைவுகூர்வோம்.

அவர் 1887ஆம் ஆண்டு விஸ்கான்சின் மாநிலத்தின் கம்பர்லேண்ட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஜெர்மனியிலிருந்து குடியேறியவர், குதிரைச் சேணம் செய்யும் தொழிலாளி. தாய் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். இண்டியானா மாநிலம் நோட்டர் டேமில் உள்ள புனித மரியா கல்லூரிக்கு மாணவியாக வந்தவர், 1908ல் அங்கேயே துறவறத்தில் சேர்ந்தார். கல்லூரியில் சகோதரி ரீத்தா என்பவர் நடத்திய இலக்கிய வகுப்புகள்தாம் அவரை ஆங்கிலத்தின் பக்கம் இழுத்தன. ஒரு நல்ல ஆசிரியை இன்னோர் ஆசிரியையை உருவாக்கினார். பின்னர் யூட்டாவிலும் கலிஃபோர்னியாவிலும் பள்ளிகளில் பணியாற்றிக்கொண்டே படித்து, 1925ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அங்கே அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் துறவி அவரே.

அவருடைய ஆங்கிலப் புலமை எத்தகையது என்பதற்கு ஒரு சான்று போதும். சாசர் எழுதிய கேண்டர்பரி கதைகளில் ஒரு மடத்துத் தலைவி வருகிறார். திருப்புகழ்மாலையை மூக்கால் பாடுகிறார் என்று கவிஞர் எழுதியதைக் கேலி என்றே அறிஞர்கள் படித்துவந்தார்கள். மெடலீவா, நாள்தோறும் அதே மன்றாட்டைப் பாடும் துறவியாக அதைப் படித்தார். நீண்ட நேரம் ஒரே தொனியில் ஓதுகிறவர்கள் தொண்டையைக் காப்பாற்றிக்கொள்ள அப்படித்தான் பாடுவார்கள் என்று எடுத்துச் சொன்னார். மடத்துக்குள் வாழ்ந்தவருக்குத் தெரிந்தது நூலகத்தில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை! பின்னர் ஆக்ஸ்ஃபோர்டுக்குச் சென்று சி. எஸ். லூயிஸின் விரிவுரைகளையும் கேட்டார். அவரோடு கடிதத் தொடர்பும் கொண்டிருந்தார். தாமும் கவிதை நூல்கள் பல வெளியிட்டார்.

1934ல் புனித மரியா கல்லூரியின் தலைவரானார். 27 ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார். முதலாண்டு மாணவியருக்கு இலக்கணம், தர்க்கம், சொல்லாட்சி மூன்றையும் ஒரே பாடமாக இணைத்து நடத்தச் செய்தார். 1941ல், வெள்ளையர் மட்டுமே படித்துவந்த அந்தக் கல்லூரியில் முதல் கறுப்பின மாணவியைச் சேர்த்தார். எதிர்ப்பு இருந்தது; அவர் அசையவில்லை.

அடுத்து வந்த சிக்கல் திருஅவைக்குள்ளேயே இருந்தது. கத்தோலிக்கக் கல்லூரிகளில் மறைக்கல்வியை யார் நடத்துவது? பெரும்பாலும் அருள்சகோதரிகள். ஆனால் அவர்கள் இறையியலில் உயர்பட்டம் பெற வழியில்லை. மற்ற கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள் இறையியல் வகுப்புகளில் பெண்களைச் சேர்க்கவில்லை. கற்பிக்கலாம், கற்கக் கூடாது என்ற நிலை! மெடலீவா கதவைத் தட்டிப் பார்த்தார், திறக்கவில்லை. 1943 கோடையில் தம் கல்லூரியிலேயே ஓர் இறையியல் உயர்கல்விப் பள்ளியைத் தொடங்கிவிட்டார். பாடம் நடத்தியவர்கள் பெரும்பாலும் குருக்கள். படித்தவர்கள் அருள்சகோதரிகளும் பொதுநிலைப் பெண்களும். முதுகலைப் பட்டம் மட்டுமல்ல, முனைவர் பட்டமும் அங்கே வழங்கப்பட்டது.

இனி லூசியிடம் வருவோம். 1949ஆம் ஆண்டு, தேசிய கத்தோலிக்கக் கல்விக் கழகத்தின் மாநாட்டில் மெடலீவா ஓர் உரை நிகழ்த்தினார். தலைப்பு, 'சகோதரி லூசியின் கல்வி'. லூசி கற்பனைப் பெண். பள்ளிப் படிப்பை முடித்தவள், ஆசிரியையாக ஆசைப்படுகிறவள். அவள் வீட்டிலிருந்தே கல்லூரிக்குப் போனால் நான்கு ஆண்டுகள் படித்து, பட்டமும் ஆசிரியர் உரிமமும் வாங்கிய பிறகே வகுப்பறையில் நிற்பாள். அவளே இறைவனின் அழைப்பை ஏற்று மடத்தில் சேர்ந்தால், நவதுறவு முடிந்த சூட்டோடு ஐம்பது, அறுபது பிள்ளைகள் முன்னால் நிறுத்தப்படுவாள். பட்டப்படிப்பைக் கோடை விடுமுறைகளில் துண்டுதுண்டாகப் படிக்க வேண்டும். அது முடிய பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகும். அழைத்தலுக்கு ஆம் என்று சொன்னதற்காக ஒரு பெண்ணின் படிப்பு குறைய வேண்டுமா?

இதற்கு யாரைக் குறை சொல்வது? சபைத் தலைவியரை மட்டும் சொல்வது நியாயமில்லை. பங்குகள் பள்ளி மேல் பள்ளியாகத் திறந்தன, பங்குத்தந்தையர் சிஸ்டர்களைக் கேட்டு வரிசையில் நின்றார்கள். சம்பளம் மிகக் குறைவு, மறுப்புச் சொல்லமாட்டார்கள். பெற்றோருக்கும் கட்டணம் குறைந்தது. அந்தச் சலுகையின் விலையை லூசியும் அவள் வகுப்புப் பிள்ளைகளும் கொடுத்தார்கள். கீழ்ப்படிதலும் நல்ல மனமும் இருந்தால் போதும் என்று சொல்வது எளிது. நம் பிள்ளைக்கு ஊசி போடுபவரிடம் நாம் அப்படிச் சொல்லமாட்டோம்.

மெடலீவாவின் தீர்வு எளிமையானது. இந்த ஆண்டே தொடங்குங்கள், இளம் சகோதரிகளைப் படிப்பு முடியும்வரை பள்ளிக்கு அனுப்பாதீர்கள் என்றார். சொல்லத்தான் எளிது. அனுப்பாத ஒவ்வொரு சகோதரிக்கும் பதிலாகப் பங்கு ஒரு பொதுநிலை ஆசிரியரைச் சம்பளம் கொடுத்து அமர்த்த வேண்டும். முணுமுணுப்பு எழாமல் இருக்குமா? ஆயினும் 1951ல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், கற்பிக்கும் அருள்சகோதரிகள் உலகப் பள்ளி ஆசிரியருக்கு இணையான தகுதி பெற வேண்டும் என்று வலியுறுத்தினார். 1954ல் அருள்சகோதரிகள் உருவாக்க அமைப்பு அமெரிக்காவில் பிறந்தது. லூசிகள் கல்லூரிக்குப் போகத் தொடங்கினார்கள்.

1961ல் மெடலீவா ஓய்வு பெற்றார். 1964 ஜூலை 25 அன்று பாஸ்டன் நகரில் இறைவனடி சேர்ந்தார். அதே ஆண்டு இலையுதிர் காலத்தில், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் மூன்றாம் அமர்வுக்குப் பெண்கள் முதன்முறையாகப் பார்வையாளர்களாக அழைக்கப்பட்டார்கள். அவர்களில் அமெரிக்க அருள்சகோதரி ஒருவரும் இருந்தார், லொரெட்டோ சபையின் மேரி லூக் டோபின். பிற பல்கலைக்கழகங்கள் இறையியலைப் பெண்களுக்குத் திறந்துவிட்டபின், மெடலீவா தொடங்கிய பள்ளிக்குத் தேவை குறைந்தது. அதை மூடிவிட்டார்கள். அதே கல்லூரியில் 1985 முதல் அவர் பெயரில் ஆன்மிகச் சொற்பொழிவுத் தொடர் ஒன்று நடந்துவருகிறது. அதில் பேச அழைக்கப்படுபவர்கள் இறையியல் கற்ற பெண்கள்.