அண்ணப்பிளவு அறுவைக்குப் பின் குழந்தைப் பராமரிப்பு

கருவில் மேல்வாயின் இரு பக்கங்களும் ஒன்றுசேராமல் போவதால் உண்டாகும் பிறவிக் குறை அண்ணப்பிளவு. கிரகணத்தின்போது தாய் வெளியே வந்ததே காரணம் என்று கிராமங்களில் சொல்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை; அந்தப் பழியைத் தாய்மேல் போடுவது கொடுமை. பொதுவாக 9 முதல் 18 மாத வயதுக்குள் பிளவைத் தைத்து மூடுவார்கள். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் பரிசோதனைப் பட்டியலில் இக்குறையும் உண்டு.

விழுப்புரம் மாவட்டத்து மேல்மலையனூர்ப் பக்கத்திலிருந்து புதுச்சேரிக்கோ சென்னைக்கோ போய் அறுவை முடித்துத் திரும்பும் குடும்பத்துக்கு முதல் மூன்று வாரங்கள் முக்கியமானவை. தையலில் கெட்டியான எதுவும் படக்கூடாது. பால், பருப்புத் தண்ணீர், வடிகட்டிய கஞ்சி, கட்டியில்லாமல் கரைத்து ஆறவைத்த கேழ்வரகுக் கூழ் ஆகியவை ஏற்றவை. பாலாடையாலோ கிண்ணத்தாலோ ஊட்டும்போது அதன் முனை வாய்க்குள் போகாமல் உதட்டோரம் வைத்துச் சிறுகச் சிறுக விட வேண்டும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தண்ணீர் கொடுத்தால் வாய் சுத்தமாகும். முறுக்கு, பொரி, கரும்பு, உறிஞ்சுகுழல், வாயில் வைக்கும் பொம்மை எதுவும் ஆகாது. விரல் போடாதிருக்க முழங்கையில் மட்டை கட்டச் சொல்லியிருந்தால், ஒரு நேரத்தில் ஒரு கையை மட்டும் அவிழ்த்துத் தோலைப் பார்த்து மறுபடி கட்டலாம்.

முதல் ஓரிரு நாள் எச்சிலில் இளஞ்சிவப்பு தெரிவதும் குறட்டை வருவதும் இயல்பு. புது ரத்தம் வடிந்தாலோ, மூச்சுத் திணறினாலோ, காய்ச்சல் ஏறினாலோ, குழந்தை குடிக்க மறுத்துச் சிறுநீர் குறைந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். சில வாரம் கழித்தும் பால் மூக்கில் வந்தால் தையலில் துளை விழுந்திருக்கலாம்.

தையல் ஆறியதோடு வேலை முடிந்தது என்று பல வீடுகளில் நினைத்துவிடுகிறார்கள். அண்ணத் தசைகளே நடுச்செவிக் குழாயையும் திறப்பவை. ஆகவே காதில் நீர் தேங்கிக் கேட்கும் திறன் மங்கலாம். செவிப் பரிசோதனை தவறாமல் வேண்டும். ப, த, க போன்ற ஒலிகளுக்கு வாய்க்குள் காற்றழுத்தம் தேவை. காற்று மூக்கு வழியே கசிந்தால் குழந்தை தொண்டையில் வேறு ஒலி எழுப்பப் பழகிவிடும். அந்தப் பழக்கம் வேரூன்றுவதற்குள் பேச்சுப் பயிற்சி தொடங்குவதே நல்லது. பேருந்துச் செலவும் கூலி இழப்பும் இதற்குப் பெரும் தடை. பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனம் நடத்திய சமூக மறுவாழ்வுத் திட்டம் இத்தடையை நேரடியாக எதிர்கொண்டது: உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சி தந்து, பேச்சுத் திருத்தத்தைக் குழந்தைகள் வாழும் ஊருக்கே கொண்டுசென்றது. மேல்மலையனூர் வட்டாரத்துக்கும் தேவைப்படுவது இத்தகைய ஏற்பாடே.