தாது வருஷத்து ராஜினாமா

எங்கள் அப்பத்தா உயிரோடு இருந்தவரை ஒரு கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தார். "கிணத்துமேட்டுக் காடு நம்ம காடு. மேலத்தெருப் பங்காளிங்க ஏமாத்தி எழுதி வாங்கிக்கிட்டாங்க." இந்தப் பேச்சினால் மூன்று தலைமுறையாக இரண்டு வீட்டுக்கும் நல்லது கெட்டதுக்குக்கூடப் போக்குவரத்து இல்லை. ஓய்வு பெற்றபின், அது உண்மைதானா என்று பார்த்துவிட நினைத்தேன்.

எங்கள் சேலம் சீமை 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனியார் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக வந்த தாமஸ் மன்றோவும் இங்கேதான் ரயத்துவாரி முறைக்கு வழி போட்டார்கள். ரயத்துவாரி கிராமங்களில் சர்க்கார் குடியானவரிடமே நேராகத் தீர்வை வசூலித்தது. அதனால் சாதாரணக் குடியானவரின் பெயரும் கணக்கில் ஏறியது. நம் முன்னோரை இன்று தேட முடிவது அந்த வரியின் புண்ணியம்தான்.

தேடுகிறவர்களுக்கு இரண்டொரு விஷயம். இன்றைய பட்டாவில் உள்ள சர்வே எண்ணிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். பழைய கணக்கில் ஆங்கில வருஷம் இருக்காது, பசலிதான் இருக்கும். அதோடு 590-ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் வருஷம் கிடைக்கும். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கத்தால் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். தகப்பன் பெயரையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் ஆளே மாறிவிடுவார்.

எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் பலமுறை நடந்தேன். பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டில் என் பூட்டன் பெயர் இருந்தது. கிணத்துமேட்டுக் காடு, புன்செய், 3 ஏக்கர் 42 சென்ட், தீர்வை 4 ரூபாய் 4 அணா. அப்பத்தா சொன்னதில் பாதி உண்மை என்று மனசு குளிர்ந்தது.

மீதிப் பாதி ஊரிலேயே கிடைத்தது. 1980-இல் கர்ணம் பதவியை ஒழித்தபோது சில பழைய கட்டுகள் அந்த வீட்டுப் பரணிலேயே தங்கிவிட்டன. அவற்றில் பசலி 1287-க்கான கணக்கில், அதே நிலத்துக்கு நேராக ஒரே சொல்: ராஜினாமா.

இன்று வேலையை விடுவதற்குச் சொல்லும் இந்த வார்த்தை, அன்றைய ரெவின்யூ கணக்கில் நிலத்தைச் சர்க்காரிடமே விட்டுவிடுவதைக் குறித்தது. பட்டா பெயரில் இருக்கும்வரை, விளைந்தாலும் விளையாவிட்டாலும் புன்செய்த் தீர்வை கட்டியாக வேண்டும். முடியாதவர் எழுதிக் கொடுத்து விலகிக்கொள்வார். பசலி 1287 என்றால் 1877-78. 1876-இல் தொடங்கி 1878 வரை நீண்ட தாது வருஷப் பஞ்சம் சேலம் ஜில்லாவைச் சூறையாடிய காலம். அடுத்த இரண்டு பசலிகளில் நிலம் தரிசு. பசலி 1290-இல்தான் மேலத்தெருப் பங்காளி தர்காஸ்து போட்டு, சர்க்காரிடமிருந்து அதை வாங்கியிருக்கிறார்.

யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. நாலே கால் ரூபாய் கட்ட முடியாமல் பூட்டன் காட்டை விட்டிருக்கிறார். அப்பத்தாவும் பொய் சொல்லவில்லை, தான் கேட்டதைத்தான் சொன்னார். "கட்ட முடியாமல் விட்டோம்" என்று பிள்ளைகளிடம் சொல்ல அந்தக் காலத்தில் யாருக்கோ நா எழவில்லை. "ஏமாற்றிவிட்டார்கள்" என்று சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

அந்தக் கணக்கிலும் எல்லாம் இல்லை. பட்டாதாரர் பெயர் மட்டும்தான் உண்டு. அந்தக் காட்டில் களையெடுத்த பூட்டி பெயரும், ஏர் ஓட்டிய பண்ணையாள் பெயரும், பஞ்சத்தில் அந்த வீட்டில் யார் யார் போனார்கள் என்பதும் அதில் எங்கும் இல்லை.

இரண்டு பக்கங்களையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு மேலத்தெருவுக்குப் போனேன். எண்பது தாண்டிய அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். பிறகு, "எங்க வீட்டுல வேற மாதிரி சொல்லுவாங்க தம்பி. நீங்கதான் எங்க மேல பிராது கொடுத்து அலைய விட்டீங்கன்னு" என்றார். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

போன தை மாதம் அவர் பேத்தி கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போய் வந்தோம்.